மூன்று விரல் உயர்ந்த கார்

தான் நாளுக்கு நாள் குள்ளமாகிக்கொண்டு வருவதாகப் பல் டாக்டர் சில நாட்கள் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

“கதவு நிலையில முதுகை ஒட்டி நின்னு, பென்சிலால கோடு போட்டுப் பார்த்துட்டேன்,” என்றார். “குறையலை. அப்படியேதான் இருக்கேன்.”

“அதாவது பழைய குள்ளம்தான்,” என்றான் கொசு.

மேஜைக்கு அடியில் வக்கீலம்மாவின் செருப்பு அவன் காலை மிதித்தது.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஒரு வழக்கில் தன் கட்சிக்காரன்தான் திருடன் என்று தானே கண்டுபிடித்து, அதை நீதிபதி முன்னாலேயே சொல்லித் தொலைத்தார். அதன் பிறகு கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சரி, கண்டுபிடிக்கத்தானே வருகிறது என்று துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கொசு அவருடைய உதவியாளன். முப்பதைத் தாண்டியவன், ஆள் ஒல்லி, காதருகே ஓயாத ரீங்காரம். பெண்டாட்டியே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பதால் வேறு எங்கேயும் போய் முறையிடவும் வழியில்லை.

“உங்க உயரத்துல பிரச்சினை இல்லைன்னா, எதுல பிரச்சினை?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“வண்டியில. எவனோ என் வண்டியை உசத்திட்டான் மேடம்!”

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு விவரம் சொன்னார். கறுப்பு எஸ்.யூ.வி. ஏர் சஸ்பென்ஷன் வைத்த வண்டி. மற்ற வண்டிகளில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதில் சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பை. காற்றை ஏற்றினால் வண்டி எழும், விட்டால் இறங்கும்.

“கதவைத் திறந்தா உஸ்ஸுன்னு மூச்சு விட்டு எனக்காகத் தாழும். நான் ஏறி உட்கார்ந்ததும் எழுந்துக்கும். அதுக்காகவே அந்த வண்டியை வாங்கினேன்.” மண்டியிடும் யானையைப் பற்றிப் பாகன் பேசுவதைப் போல அவர் குரல் குழைந்தது.

“இப்போ தாழலையா?”

“தாழுது. ஆனா தாழ்ந்த பிறகும் மூணு விரல் அதிகமா நிக்குது. தொத்தி ஏற வேண்டியிருக்கு மேடம். என் கிளினிக் வாசல்ல, பேஷன்ட்டுங்க பார்க்க, நான் குதிக்கிறேன்.”

கொசு வேகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின.

“சர்வீஸ்ல காட்டினீங்களா?”

“கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாங்க. வண்டி சரியான உயரத்துல இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, ‘நல்லாத் தூங்குறீங்களா டாக்டர்’னு கேட்டாங்க.”

“எதுவும் திருடு போகலையே?”

“கூடத்தான் வந்திருக்கு. மூணு விரல்!”

“யார் மேலயாவது சந்தேகம்?”

டாக்டரின் முகம் இறுகியது. “என் கிளினிக்குக்கு எதிர் கிளினிக்காரன். அவனும் பல் டாக்டர். ஆறடிக்கு மேல. என்னைப் பார்க்கும்போதெல்லாம் குனிஞ்சு வணக்கம் சொல்லுவான். அப்படிக் குனியறதுலயே அவன் புத்தி தெரியும். இன்னைக்குச் சாயங்காலம் எங்க டாக்டர்கள் சங்கக் கூட்டம். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு அவன் பேரைச் சொல்லிடப் போறேன்.”

“எழுந்து நின்னாலும்...” என்று ஆரம்பித்த கொசு, செருப்பு நகரும் சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

“ஆதாரமில்லாம பேரைச் சொன்னா, நாளைக்கு அவர் உங்க மேல கேஸ் போடுவார். நியாயமான கேஸா இருக்கும்,” என்றார் வக்கீலம்மா. “சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. வீட்டுல யாரெல்லாம்?”

“நான், வீட்டம்மா, என் தங்கச்சி. பாவம், இதுல அவளுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். தினம் நான்தான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வருவேன். இப்போ முட்டிவலி வேற. இந்த உயரத்துக்கு அவளால ஏற முடியலை. நடந்தே போய் வர்றா.”

“முட்டிவலியோட நடக்கிறாங்களா?”

“நடக்கிறது ஒண்ணும் பண்ணலையாம். ஏறுறதுதான் முடியலையாம்.”

வக்கீலம்மா “ம்” என்றார். அவருடைய “ம்” பல வகைப்படும். இது எந்த வகை என்று கொசுவுக்குப் பிடிபடவில்லை.

*

டாக்டரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே கறுப்பு வண்டி நின்றிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி முன் சக்கரத்தை வெளிப்பக்கம் வளைத்து வைக்கச் சொன்னார் வக்கீலம்மா. பிறகு கொசுவைப் பார்த்தார்.

“என்ன மேடம்?”

“உள்ள தலையை விடு.”

“எனக்கு ஒரே தலைதான் மேடம்.”

“அதை இதுவரைக்கும் நீ எதுக்கும் பயன்படுத்தலை. விடு.”

கொசு மண்டியிட்டு, சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் டார்ச்சோடு தலையை நுழைத்தான். சேறு, ரப்பர் வாடை, கறுப்பாகத் தடித்த காற்றுப் பை. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஏதோ பொத்தானை அழுத்தினார். உஸ்ஸ்ஸ் என்று வண்டி பெருமூச்சு விட்டது. “அய்யோ, என்னை விழுங்குது!” என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்ததில் கொசுவின் நெற்றி தகரத்தில் மோதி, கண்ணாடி மூக்கிலிருந்து எகிறித் தரையில் விழுந்தது.

“எதையும் தொடாதீங்க டாக்டர்,” என்றார் வக்கீலம்மா. “சாவியை என்கிட்ட குடுங்க. கொசு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு மறுபடி போ. காத்துப் பைக்குப் பக்கத்துல விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குச்சி இருக்கும். ஒரு முனை சக்கரம் மாட்டியிருக்கிற இரும்புக் கையில, இன்னொரு முனை ஒரு டப்பியில. பார்த்துச் சொல்லு.”

“இருக்கு மேடம். பளபளன்னு இரும்புக் குச்சி. மரை போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் நட்டு.”

“மத்த சக்கரத்துலயும் பார்.”

கொசு நாலு பக்கமும் தவழ்ந்தான். நாலிலும் அதே. வண்டியின் மற்ற உறுப்புகளெல்லாம் சேறு பூசிக்கொண்டிருக்க, இந்த நாலு குச்சிகள் மட்டும் புதுமணப்பெண் மாதிரி மின்னின. குச்சியைக் கழற்ற முடிகிறதா என்று கையை உள்ளே விட்டுத் திருகிப் பார்த்தான். முடியவில்லை. புறங்கைத் தோல் வழன்றதுதான் மிச்சம்.

“புரிஞ்சுபோச்சு,” என்றார் வக்கீலம்மா. ஒரு இன்ஷூரன்ஸ் வழக்குக்காக இப்படிப்பட்ட வண்டியின் வயிற்றையெல்லாம் அவர் ஒரு காலத்தில் படித்திருந்தார். “வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இந்தக் குச்சிதான். கம்பெனிக் குச்சியைக் கழட்டிட்டு நீளம் மாத்துற குச்சியை மாட்டியிருக்காங்க. வண்டி சரியா நிக்கும்போதே ‘ஐயோ, தாழ்ந்துட்டோம்’னு குச்சி சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிக் காத்தை ஏத்தும். இதுக்குப் பேர் லிப்ட் கிட். ஸ்பிரிங் வண்டின்னா இரும்புத் துண்டெல்லாம் செருகணும், பெரிய வேலை. காத்து வண்டிக்கு இந்த நாலு குச்சி போதும்.”

“அதனாலதான் சர்வீஸ்ல எல்லாம் சரின்னு காட்டிச்சா?” டாக்டர் வாயைப் பிளந்தார்.

“வண்டிகிட்டயே பொய் சொல்லியிருக்காங்க சார்,” என்றான் கொசு. “அதுவும் உங்களை மாதிரியே நம்பிடுச்சு.”

வக்கீலம்மா குனிந்து, டார்ச்சை வாங்கி ஒரு நட்டின் மேல் அடித்தார். நட்டும் மரையும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு நிறம் காய்ந்திருந்தது. கத்தரிப்பூ நிறம்.

“நட்டு கழன்றுடாம இருக்கவும், கழன்றா தெரியவும் மெக்கானிக்குங்க பெயின்ட் வைப்பாங்க. மஞ்சளோ வெள்ளையோ. இது என்ன?”

கொசு நகத்தால் சுரண்டினான். மெல்லிய தோலாக உரிந்து வந்தது. “மேடம், என் பெண்டாட்டி கோபம் வந்தா சுண்டுவிரல்லேர்ந்து இதைத்தான் உரிப்பா. நெயில் பாலிஷ்!”

டாக்டரின் கண்கள் மேலே, தன் வீட்டு பால்கனியைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கின.

*

கதவைத் திறந்த டாக்டரின் மனைவிக்குப் பத்து விரல்களிலும் நீண்ட நகங்கள். பத்திலும் கத்தரிப்பூ நிறம்.

கொசு வக்கீலம்மாவின் காதில் ரீங்கரித்தான். “கேஸ் முடிஞ்சுது மேடம். வீட்டுக்குப் போகலாமா?”

அந்த அம்மாள் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித் தருபவர். வரவேற்பறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதன் முன்னால் ஒரு கேமரா. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார். இருமல் மறுபடியும் சிரிப்பாகவே முடிந்தது.

“உங்க கையைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார் வக்கீலம்மா.

“தாராளமா. ஜோசியமும் சொல்லுவீங்களா?”

வக்கீலம்மா பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகா வளர்த்திருக்கீங்க. எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா. பலகையில எழுதும்போது பிள்ளைங்க கண்ணுக்குப் படறது இதுதானே. பாத்திரம்கூட உறை போட்டுத்தான் கழுவறேன்.”

“இந்தப் பாலிஷ் எங்க வாங்கினது?”

“என் நாத்தனார் வாங்கும்போது எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிட்டு வருவா,” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டார். டாக்டர் அப்போது போனில் தன் சங்கத்துக்காரர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

படி இறங்கும்போது கொசு பொறுக்கமாட்டாமல் கேட்டான். “ஏன் மேடம் விட்டுட்டீங்க? கலர் ஒண்ணு, வீடு ஒண்ணு, அந்தச் சிரிப்பு வேற!”

“உன் கையைக் காட்டு.”

காட்டினான். புறங்கையில் சிராய்ப்பு. ஆள்காட்டி விரலின் நகம் பிளந்திருந்தது.

“நீ ஒரு தடவை உள்ள கை விட்டே. ஒரு நட்டைக்கூட அசைக்கலை. அதுக்கே இந்தக் கதி. நாலு சக்கரத்துலயும் நட்டைக் கழட்டி மாட்டினவங்களுக்கு அந்த மாதிரி நகம் பத்தும் முழுசா மிஞ்சியிருக்குமா? அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும். ஆனா செஞ்சது அவங்க கை இல்லை.”

“அப்போ செஞ்சது அந்த நாத்தனார்னா, அவங்களுக்கு நகமே மிஞ்சியிருக்காதே. அப்புறமும் நெயில் பாலிஷ் வாங்குறாங்க. எதுக்கு? ரொட்டியில தடவவா?”

அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்கும்போது கொசுவின் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தது. வண்டிக்கடியில் விழுந்ததில் ஒரு காலின் திருகாணி தளர்ந்திருந்தது. கால் தனியாகக் கழன்று அவன் காதிலேயே தொங்கியது. வக்கீலம்மா அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, கொசு இதுவரை கேட்டிராத வகையில் ஒரு “ம்” போட்டார்.

“டாக்டரோட தங்கச்சிக்கு எங்க வேலை?” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பால்கனியிலிருந்து டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். “பெரிய தெரு முனையில, கண்ணாடிக் கடையில! மூக்குக்கண்ணாடி!”

*

கடை சின்னது, சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். ஆளில்லாத முந்நூறு முகங்கள் நம்மையே பார்ப்பது போல இருந்தது கொசுவுக்கு. பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்த டாக்டரின் தங்கை நாற்பதைத் தாண்டியவர். அண்ணனின் அதே உயரம், அதே வட்ட முகம். ஆனால் கண்ணில் அண்ணனுக்கு இல்லாத ஒரு குறும்பு.

“யானை மிதிச்சுதா?” என்று கொசுவின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“கிட்டத்தட்ட,” என்றான் கொசு.

கடுகளவு திருகாணி ஒன்றை இடுக்கியில் எடுக்கும்போது அது நழுவித் தரையில் உருண்டது. அந்த அம்மாள் சட்டென்று குந்தி உட்கார்ந்து, மேஜைக்கு அடியிலிருந்து அதைப் பொறுக்கி, எதையும் பிடிக்காமல் எழுந்தார். முட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. கொசு வக்கீலம்மாவைப் பார்த்தான். வக்கீலம்மா சுவரில் இருந்த சட்டங்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

திருகாணி ஏறியது. அவர் இழுப்பறையைத் திறந்து குட்டிப் பாட்டில் ஒன்றை எடுத்தார். மூடியில் இருந்த தூரிகையால் திருகாணியின் தலையில் ஒரு சொட்டு வைத்தார்.

கத்தரிப்பூ நிறம்.

“இது வெச்சா கழலாது,” என்று ஊதினார். “எங்க தொழில்ல இதுதான் மருந்து.”

கண்ணாடி இல்லாமலேயே கொசுவுக்கு அந்த நிறம் தெளிவாகத் தெரிந்தது. அவர் விரல் முட்டிகளில் காய்ந்த சிராய்ப்புகளும் தெரிந்தன.

“காருக்கும் வைக்கலாமா?” என்றார் வக்கீலம்மா, திரும்பாமலே.

ஊதுவது நின்றது. பிறகு அந்த அம்மாள் பாட்டிலை மூடி, கண்ணாடியைக் கொசுவின் காதில் தானே மாட்டிவிட்டு, “தெளிவாத் தெரியுதா?” என்று கேட்டார்.

“ரொம்பத் தெளிவா,” என்றான் கொசு.

“எங்க அண்ணன் அனுப்பினாரா?”

“ஆமா. ஆனா இங்க வரைக்கும் வருவோம்னு அவருக்குத் தெரியாது,” என்றார் வக்கீலம்மா. “முட்டி எப்படி இருக்கு?”

“அண்ணன் பல் டாக்டர்தானே? முட்டி வரைக்கும் அவர் படிக்கலை.” சிரித்துவிட்டார். சிரித்த கையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எனக்கு வந்த மாப்பிள்ளைங்களையெல்லாம் அவர் எப்படித் தட்டிக் கழிச்சார்னு தெரியுமா மேடம்? ஒருத்தருக்கு முன்பல்லுல இடைவெளி. ஒருத்தருக்கு ஈறு சரியில்லை. ஒருத்தர் நல்லாத்தான் இருந்தார். போற நேரத்துல கொட்டாவி விட்டார். கடைவாயில சொத்தையைப் பார்த்துட்டார் இவர்.”

“கொட்டாவி விட்டதுக்கா!” என்று கொசு தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“காலையில அவர் கார்ல ஏறினா இந்த வாசல்ல இறங்குவேன். சாயங்காலம் இந்த வாசல்ல ஏறினா வீட்டு வாசல்ல இறங்குவேன். நடுவுல தெருன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குக் கார் கண்ணாடி வழியாத்தான் தெரியும். அன்பாத்தான் செய்யறார். அதனாலதான் வேண்டாம்னு சொல்ல வாய் வரலை.” கொஞ்சம் நிறுத்தினார். “அப்புறம் ஒருத்தர் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட வந்தார். அடுத்த தெருவுல டயர் கடை வெச்சிருக்கார். எழுத்தைப் படிங்கன்னேன். அவர் எழுத்தைப் பார்க்கலை.”

“பார்வை நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றான் கொசு.

“பேசணும்னா எங்க பேசறது? தெருவுல நடந்தாத்தானே பேச முடியும்? நான் நடக்கணும்னா அண்ணன் கார்ல என்னால ஏற முடியாமப் போகணும். இந்த லிப்ட் கிட் விஷயத்தை அவர்தான் சொன்னார். ஆனா மாட்டித்தர மாட்டேன்னுட்டார். ‘உங்க அண்ணன் வண்டியில நான் கை வெச்சா அது தப்பு. நீங்க கை வெச்சா வீட்டு விவகாரம்’னார். அவர் கடையில நின்ன பழைய வண்டி ஒண்ணுல எனக்குச் சொல்லிக் குடுத்தார். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணன் குறட்டை விட்டுட்டிருந்தப்போ நானே மாட்டினேன். அண்ணி பால்கனியில காவல் நின்னாங்க.”

கொசு எழுந்து நின்று கை தட்டினான். வக்கீலம்மா பார்த்த பார்வையில் உட்கார்ந்தான்.

“எப்ப வரைக்கும் இப்படியே ஓட்டுறதா எண்ணம்?”

“ரொம்ப நாள் இப்படி ஓட்டினா டயர் ஒரு பக்கமாத் தேயும், கழட்டிடணும்னு அவரே சொல்லியிருக்கார். அவருக்கு ஒரு வேலை முடிய வேண்டியிருந்தது. அதுக்காகத்தான் காத்திருந்தோம். இன்னைக்கு முடியுது.”

“என்ன வேலை?”

அவர் முகத்தில் அந்தக் குறும்பு மறுபடி எட்டிப் பார்த்தது. “சொன்னா சிரிப்பீங்க.”

வக்கீலம்மா சிரிக்கவில்லை. “இங்க பாருங்கம்மா. உங்க அண்ணன் என் கட்சிக்காரர். அவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அவர் கூட்டத்துல நின்னு, எதிர் கிளினிக் டாக்டர்தான் செஞ்சார்னு சொல்லப் போறார். ஒரு பாவமும் அறியாத மனுஷன் பேர் கெடும். உங்க அண்ணன் பேரும் சேர்ந்து கெடும். நான் போய்ச் சொல்லியாகணும். ஆனா என் வாயால கேட்கிறதைவிட உங்க வாயால கேட்டா அவருக்கு வலி குறைவு.”

தங்கையின் கை பாட்டிலை இறுகப் பற்றியது. குறும்பெல்லாம் வடிந்துபோய், ஒரு கணம் அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. “அவர் கத்தினா பரவாயில்லை மேடம். பேசாம இருந்துட்டார்னா?”

அவர் எழுந்து கடையின் விளக்கை அணைத்தார்.

“வாங்க, போகலாம். நடந்தே போகலாம்.”

*

கிளினிக்கில் டாக்டர் வேலையில் இருந்தார். நாற்காலியில் அகன்ற தோள்களோடு ஒருவர் மல்லாந்து கிடந்தார். வாய் மூடாமலிருக்க நடுவில் ஒரு கவ்வி. டாக்டர் உயரமான மரப்படி ஒன்றின் மேல் நின்று, அந்த வாய்க்குள் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம்! ஆதாரம் கிடைச்சுதா? கடைசிப் பல், இதோ முடிஞ்சுது. அப்புறம் நேரா கூட்டம்தான்.” தங்கையைப் பார்த்ததும் முகம் மாறியது. “நீ எங்கம்மா இங்க? முட்டி தாங்குதா?”

“தாங்குதுண்ணா.”

“வந்ததும் வந்தே, இதைப் பாரு.” அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “இவர் முதல் தடவை வந்தப்போ இது வாயா? இடிஞ்ச காம்பவுண்டுச் சுவர். ‘எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை டாக்டர், ஒரு குறை இருக்கக் கூடாது’ன்னார். இந்த மாதிரி ஒரு பேஷன்ட்டை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு பொறுமை! இனி உலகத்துல எந்த டாக்டரும் இந்தப் பல்லுல ஒரு குறை சொல்ல முடியாது.”

நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்த நோயாளியின் விரல்களைக் கொசு பார்த்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு, ரேகை ரேகையாக ஓடியது. டயர் கறுப்பு. அவன் வக்கீலம்மாவின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“யாராலயும் குறை சொல்ல முடியாதா?” என்று கேட்டார் தங்கை.

“முடியவே முடியாது.”

“உங்களாலயும்?”

“செஞ்சதே நான்தானேம்மா!”

“அப்போ சரி. இவரைத்தான் நான் கட்டிக்கப் போறேன்.”

நாற்காலியிலிருந்து “ஆங்” என்று ஒரு சத்தம் வந்தது. அது சம்மதமா, பயமா, கவ்வியா என்று தெரியவில்லை.

டாக்டர் மரப்படியிலிருந்து மெல்ல இறங்கினார். இறங்கியதும் தங்கையின் கண்ணுக்கு நேராக அவர் கண் வந்தது.

“கேட்கிறியா, சொல்றியா?”

“சொல்றேண்ணா. வண்டியை உசத்தினதும் நான்தான். அதையும் சொல்லிடறேன். எதிர் டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் கத்தவில்லை. மறுபடி படியேறினார். சிறு கண்ணாடியை எடுத்து நாற்காலிக்காரரின் வாய்க்குள் விட்டார். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒவ்வொரு பல்லாக. இடது கடைவாயில் கண்ணாடி வெகுநேரம் நின்றது.

“இங்க ஒரு...” என்றார்.

“என்னண்ணா?”

“ஒண்ணுமில்லை.” கண்ணாடி தட்டில் விழுந்தது. “நான் அடைச்சதுதான். நல்லாத்தான் அடைச்சிருக்கேன்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் இன்னும் சின்னவராகத் தெரிந்தார். கேலி பேச நல்ல சமயம்தான். ஆனால் கொசு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

“என்கிட்ட ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை?”

“ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்றீங்க. என்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களாண்ணா?”

டாக்டர் தன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

“நாள் முழுக்க நான்தான் பேசறேன்,” என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. “எதிர்ல இருக்கிறவங்க வாயில பஞ்சு இருக்கும். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் உன்னைக் கார்ல கூட்டிட்டு வர்றப்போதான் ஒரு ஆள் எனக்குத் திருப்பிப் பேசும். அது போயிடுமேன்னு... பல்லுல எல்லாம் என்னம்மா இருக்கு?”

தங்கை அவர் பக்கத்தில் போய், அதே படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அடுத்த தெருதாண்ணா. நடந்தே வரலாம். நீங்களும் நடங்க. தெரு நல்லாயிருக்கு.”

நாற்காலிக்காரர் அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு துளி இறங்கிக் காதுப்பக்கம் போனது. கவ்வி வலிதான் காரணம் என்று பிற்பாடு அவர் சாதித்தார்.

“டாக்டர், கூட்டத்துக்கு நேரமாச்சு,” என்று மெதுவாக நினைவூட்டினார் வக்கீலம்மா.

“என்ன கூட்டம்?” என்று எரிந்து விழுந்தார் டாக்டர். எழுந்தார். மூக்கை உறிஞ்சினார். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, நாற்காலிக்காரரின் வாயிலிருந்து கவ்வியை எடுத்தார்.

அவர் எழுந்து உட்கார்ந்து, மரத்துப்போன தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். “டாக்கர்... நான்... வண்ணியை...” என்று காற்றுதான் வந்தது.

“பேசாதீங்க. மருந்து இன்னும் இறங்கலை,” என்றார் டாக்டர், நோயாளிகளிடம் பேசும் அதே கண்டிப்பான குரலில். “அரை மணி நேரத்துக்கு எதையும் சாப்பிடக் கூடாது. அதுக்கப்புறம் வீட்டுக்கு வாங்க. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.”